ஆந்தைகள் கக்கும் மரம்

ஆந்தை இரையை முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் வயிற்றுக்குள்ளேயே உருட்டித் திரட்டி, கண்ணை மூடி, கழுத்தை முன்னால் நீட்டிக் கக்கிவிடும். கட்டைவிரல் பருமனில், சாம்பல் நிறத்தில், ஈரம் காயாமல் கீழே வந்து விழும் அந்த உருண்டையைப் பார்த்தால் மனிதனாகப் பிறந்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தெசான்காவின் புருஷன் காவ்ரா குனிந்து பொறுக்குவான்.

நவம்பர் பிறந்தால் கிகிந்தா ஊரில் ஆந்தைகள் வந்து இறங்கும். சதுக்கத்து மரங்களில் இறங்கட்டும், தேவாலயத்து மரங்களில் இறங்கட்டும், அது ஊரின் பாடு. இந்த வருஷம் அறுபத்திரண்டு ஆந்தைகள் தெசான்கா வீட்டு முற்றத்து ஊசியிலை மரத்தைப் பிடித்துக்கொண்டன. பகலெல்லாம் கிளைக்குக் கிளை உட்கார்ந்து தூங்கும். தூக்கத்திலேயே கக்கும், தூக்கத்திலேயே கழியும். மரத்தடி சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. கொடியில் ஒரு போர்வை காயப்போட்டு ஒரு மாதமாகிவிட்டது. அறுபத்திரண்டு என்பதும் அவள் எண்ணியதல்ல. காவ்ரா தினமும் காலையில் காப்பிக் கோப்பையோடு மரத்தடிக்குப் போய் எண்ணிவிட்டு வந்து, பேரன் பிறந்த சேதி மாதிரிச் சொல்வான்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் இரண்டு வருஷமாகச் சோபாவை விட்டு எழாத ஆள். இப்போது விடியுமுன் காலணி மாட்டிக்கொள்கிறான். சந்தோஷம்தான். ஆனால் எதற்காக எழுகிறான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பொறுக்கி வந்ததை அவன் சும்மா வைத்திருந்தாலாவது பரவாயில்லை. வெந்நீரில் ஊறவைத்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவள் புருவம் திருத்தும் இடுக்கியால் எலும்பு எலும்பாக எடுத்து அட்டையில் ஒட்டுவான்.

"தெசா, இங்க வந்து பாரேன். ஒரே உருண்டைல மூணு மண்டையோடு! பல்லுகூட ஆரஞ்சு கலர்ல அப்படியே இருக்கு."

"அது சூப் கிண்ணம்."

"கழுவிட்டா போச்சு."

"உன்ன எதுல போட்டுக் கழுவறது?"

அவன் சிரித்தான். ஊறிய மயிர் கிண்ணத்தின் ஓரத்தில் மிதந்துகொண்டிருந்தது. தெசான்கா அன்று ராத்திரி ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுத்தாள்.

புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவர்கள் குடும்பப் புனிதர் அவர். அன்றைக்கு யாரையும் அழைக்க மாட்டார்கள், ஆனால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். வீட்டுக்காரன் காலையிலிருந்து கடைசி விருந்தாளி போகும்வரை உட்காராமல் நின்று உபசரிக்க வேண்டும். இந்த முறை நோவி சாத் நகரத்திலிருந்து மருமகளின் பெற்றோர் முதல் தடவையாக வருகிறார்கள். சம்பந்தியம்மா லெபோசாவா கல்யாண மண்டபத்திலேயே கரண்டியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டவள். தெசான்காவுக்குப் பெரிய ஆசை ஒன்றுமில்லை. அந்த ஒரு நாள் வீடு நாறாமல் இருக்க வேண்டும், புருஷன் நல்ல கோட் போட்டுக்கொண்டு ஒழுங்காக வாசலில் நிற்க வேண்டும்.

"மரத்த வெட்டிடு," என்றாள்.

"என்ன மனுஷி நீ! ஆந்தைங்களத் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமில்ல?"

"எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு."

"ஒரு தடவையாவது அண்ணாந்து பாரு தெசா. கீழயே பாத்துட்டிருந்தா அப்படித்தான்."

கீழே பார்க்காமல் நடந்தால் எதை மிதிப்போம் என்பது அவளுக்குத்தான் தெரியும். துடைப்பம் பிடிக்கிறவள் அவள்தானே.

திருநாளுக்கு முந்தின நாள் காவ்ரா மீன் வாங்கச் சந்தைக்குப் போனான். தெசான்கா புனிதருக்கு வைக்கும் கோதுமையை வேகவைத்து அரைத்து, சர்க்கரை கலந்து, தட்டில் குவித்தாள். மேலே தூவ வால்நட் வேண்டியிருந்தது. அலமாரியில் கையை விட்டு டப்பாவை எடுத்துத் திறந்து, பார்க்காமலே ஒரு பிடி அள்ளிவிட்டாள். வால்நட் இல்லை. பஞ்சுக்குள் காயவைத்த எலித் தாடைகள். நூறோ இருநூறோ, பல்லோடு. உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்ததை உதறினாள், விரலிடுக்கில் இன்னும் இரண்டு இருந்தன. தொட்டியருகே போய் வாந்தியெடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது. மீன் பொரிக்கும் பெரிய சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போய் அடித்தாள்.

அறுபத்திரண்டு ஜோடிக் கண்களும் திறந்தன. காதுகள் கொம்பு மாதிரி விறைத்துக்கொண்டன. ஒன்று அவள் தோளிலேயே கழிந்தது. "போங்க! எங்கயாவது போய்த் தொலைங்க!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவை கிளம்பின. அத்தனை பறவைகள் பறந்தும் ஒரு சிறகுச் சத்தம்கூடக் கேட்கவில்லை, அதுவும் அவளுக்கு அருவருப்பாகவே இருந்தது. பிறகு ஏழு வாளி வெந்நீர் ஊற்றி முற்றத்தைத் தேய்த்தாள். டப்பாவைத் தாடைகளோடு குப்பையில் எறிந்தாள். எலும்பு அட்டைகளையும் எறிந்தாள்.

காவ்ரா கையில் மீனோடு வந்து மரத்தடியில் நின்றான்.

"எங்க போச்சுங்க?"

"எனக்கென்ன தெரியும்? பறவைதானே, பறந்திருக்கும்."

அவன் மீனை அவளிடம் கொடுத்தான். இருட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டு வந்து சோபாவில் படுத்துக்கொண்டான்.

மறுநாள் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. காவ்ரா கோட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். வந்தவர்களுக்கு ராக்கியா என்ற பழச் சாராயம் ஊற்றினான். முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் நின்றான். லெபோசாவா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டாள், சுற்றிலும் பார்த்தாள்.

"வீட்ட கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க சம்பந்தி."

தெசான்காவுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு பசியெடுத்தது.

அப்போதுதான் நாலு வீடு தள்ளியிருக்கும் பெர்சா வந்தாள். கரண்டியைக் கீழே வைக்குமுன்னே ஆரம்பித்துவிட்டாள். "காவ்ரா, உன் ஆந்தைங்கள்லாம் எங்க வீட்டுக்கு வந்துருச்சு! மரம் கொள்ளல!"

காவ்ரா பாட்டிலை மேஜையில் வைத்தான், கோட்டைக் கழற்றிச் சோபாவில் போட்டான். மீனுக்குக் காத்திருந்த விருந்தாளிகளைத் தாண்டி, வெறும் சட்டையோடு, கதவைக்கூடச் சாத்தாமல் போய்விட்டான்.

"வீட்டுக்காரர் எங்க போறார்?" என்றாள் லெபோசாவா.

"ஆந்தை பாக்க," என்றாள் பெர்சா. "வாங்களேன், நீங்களும் பாருங்க."

திருநாளன்று வீட்டுக்காரன் வாசலை விட்டுப் போவதா? தெசான்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மீன் தீயாமல் அடுப்பை அணைத்தாள், சோபாவில் கிடந்த கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு அவனை இழுத்துவரக் கிளம்பினாள். வீட்டில் யாருமே மிச்சமில்லை என்பதை வெளியே வந்தபிறகுதான் கவனித்தாள்.

பெர்சாவின் முற்றத்தில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். காவ்ராவின் வெள்ளைச் சட்டையில் எச்சம் வழிந்திருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான், வாய்விட்டுச் சிரித்தான். கரண்டியை விளக்கில் பார்க்கிற லெபோசாவா உள்ளங்கையில் ஒரு கக்கல் உருண்டையை ஏந்திக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி, தொட்டுப் பாருங்க, பஞ்சு மாதிரி லேசா இருக்கு!"

கோதுமை எடுத்துத் தின்ற அதே கை. தெசான்கா கையிலிருந்த கோட்டுக்குள் விரல்களை ஒளித்துக்கொண்டாள்.

"அவ தொட மாட்டா," என்று சிரித்தாள் பெர்சா. "ஏன் தெசா, நேத்து நீ சட்டி அடிச்சு வெரட்டின சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சே. நான்கூட எங்கயோ கல்யாணம்னுல்ல நெனச்சேன்!"

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். காவ்ரா திரும்பினான்.

மூக்கு சுருங்கி, மேலுதடு ஒரு பக்கமாக ஏறி, கண் பாதி மூடி அவளைப் பார்த்தான். நாற்பது வருஷத்தில் அந்த முகத்தை அவள் அவனிடம் பார்த்ததில்லை. ஆனால் அது என்ன முகம் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாதமாகக் கண்ணாடி பார்க்காமலே தன் முகத்தில் வைத்துக்கொண்டு நடந்தது அதைத்தான்.

"குளிருது, போட்டுக்கோ," என்று கோட்டை நீட்டினாள்.

அவள் விரல் தன்மேல் பட்டுவிடாமல் காவ்ரா ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.