எண்ணெய் போட்ட செயின்

பொழுது சாய்வதற்குள் நோரீன் தன் நாய் டெஸ்ஸைச் சுட்டுவிட வேண்டும் என்று ராஸ் சொல்லிவிட்டுப் போனான்.

ஆட்டைக் கடித்த நாயை அதற்குச் சோறு போட்டவர்தான் சுட வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் அதுதான் வழக்கம். வேறொருவர் கையில் கொடுப்பது கேவலம். நோரீன் “சரி” என்றாள். பத்தொன்பது வருஷமாக அந்தப் பண்ணையின் மோட்டார் சைக்கிள்களையும் தண்ணீர் பம்புகளையும் பார்த்துக்கொள்கிறவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வராது என்று முதலாளியான ராஸுக்குத் தெரியும்.

துப்பாக்கி இருந்த அறைக்குப் போகாமல் வண்டிக் கொட்டகைக்குப் போனாள். மறுநாள் காலையில் ஆடுகளைத் திரட்ட வேண்டும், பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வருகிறார்கள். நான்கு வண்டிகளில் மூன்று தயார். நாலாவது, ராஸின் அக்கா மகன் ஜாரெட் ஓட்டுகிற வண்டி. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகட்டும்.

கொட்டகை வாசலிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக் காலில் கட்டிப் போட்ட டெஸ் தெரிந்தது. நோரீன் தலை நிமிரும்போதெல்லாம் அது வாலை ஆட்டியது. நேற்றுக் காலையிலிருந்து அவள் அதன் பக்கம் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கூடக் காலால் தள்ளித்தான் வைத்தாள். வடக்கு வேலி மூலையில் நாலு சினை ஆடுகள் செத்துக் கிடக்கின்றன, ஒன்றுக்கு வயிறு கிழிந்திருக்கிறது என்று ஜாரெட் வந்து சொன்னதே நேற்றுக் காலையில்தான். “நான் கிட்டப் போகல, ரோட்டுல நின்னே பாத்தேன். உங்க நாய் அங்கேருந்து ஓடுச்சு” என்றான். அவள் டெஸ்ஸின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். மூக்கோரத்து மயிரில் ரத்தம் காய்ந்திருந்தது. அப்போது அவளுக்கு வந்த அருவருப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த வாய் எத்தனை இரவு தன் முழங்கால் மேல் கிடந்திருக்கிறது என்று நினைத்து நினைத்துக் குமட்டியது. ராஸ் போய் ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்தான். அவள் போகவில்லை.

ஜாரெட்டின் வண்டியைப் பால் புட்டிகள் வைக்கும் பிளாஸ்டிக் கூடை மேல் தூக்கி நிறுத்தினாள். பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். செயின் கருப்புப் பாகு போல இருந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் செம்மண் குழைந்து அப்பியிருந்தது.

வேலையாள் டென்சில் தேநீர்க் குவளையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

“ஏ நோரீன், இது செயினா, ஜாம் பாட்டிலா?”

“பட்டணத்து ராசா டப்பாவுல எண்ணெய வாங்கிட்டு வந்து அடிச்சிருக்கார்.”

“அடப்பாவி. ஒருத்தரும் சொல்லலியா அவன்கிட்ட?”

“சொன்னேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னான்.”

டென்சில் சிரித்தான். அந்த மண்ணில் யாரும் செயினுக்கு எண்ணெய் போடுவதில்லை. எண்ணெய் மணலைப் பிடிக்கும், மணல் செயின் ஓடும் சக்கரத்தின் பல்லைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, காய்ந்த செயினாகவே ஓட்டுவார்கள். காய்ந்த செயினில் எதுவும் ஒட்டாது. அட்லெய்டு நகரத்துத் தார்த் தெருக்களில் ஓட்டிப் பழகிய பையனுக்கு அது எப்படித் தெரியும்?

“நோரீன்,” என்றான் டென்சில், சிரிப்பை விட்டுவிட்டு. “அந்த இன்னொரு வேலைய... நான் வேணும்னா...”

“வேண்டாம்.”

மிச்சத் தேநீரை அவன் வெளியே மண்ணில் ஊற்றினான். பிறகு போய்விட்டான்.

என்ஜின் பக்கத்தில் செயினை இழுக்கும் முன்பல்சக்கரத்தின் மூடியில் மூன்று போல்ட்டுகள். மூன்றாவதைக் கழற்றுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்தாள். மூடியை இழுத்ததும் உள்ளிருந்து ஒரு கட்டி அவள் மணிக்கட்டில் விழுந்தது. அது அசைந்தது. உதறினாள். தரையில் விழுந்து பிரிந்தபோது அரிசி அரிசியாகப் புழுக்கள் நெளிந்தன.

பல்சக்கரத்தைச் சுற்றி, நூல்கண்டு போல, இறுக்கமாகக் கம்பளி மயிர் சுற்றியிருந்தது. எண்ணெயில் ஊறி, ரத்தத்தில் ஊறி, தாரைப் போலக் கட்டிப்பட்டிருந்தது. ஸ்பேனர் முனையால் நெம்பினாள். மயிரோடு தோலும் வந்தது. மெல்லிய, மயிர் இல்லாத, வெளிறிய தோல். அதில் ஒரு பால் காம்பு இருந்தது.

நோரீன் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தொட்டிக்காலிலிருந்து டெஸ் காதை நிமிர்த்திப் பார்த்தது.

திரும்பி வந்து குந்தி உட்கார்ந்தாள். கிட்டப் போகவில்லை, ரோட்டில் நின்றே பார்த்தேன் என்று சொன்னவனின் வண்டிக்குள் ஆட்டின் மடி. சினை ஆடுகளை வண்டியில் விரட்டி, வேலி மூலையில் நெருக்கி, ஒன்றின் மேல் ஏற்றியிருக்கிறான். மற்றவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மூச்சு முட்டிச் செத்திருக்கும். அப்புறம்தான் அது அவள் கண்ணில் பட்டது. வண்டியின் இடப்பக்கம் முழுக்கச் செம்மண் படிந்திருக்க, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குச் சுத்தமாக இருந்தது. நாக்கு போன தடம் கோடு கோடாகத் தெரிந்தது. டெஸ் ராத்திரியில் படுப்பது இந்தக் கொட்டகையில்தான். அதன் மூக்கோரத்து ரத்தம் இதை நக்கியதில் வந்தது.

பெயிண்ட் டப்பாவின் மூடி ஒன்றை எடுத்து, தரையில் கிடந்ததையெல்லாம் அதில் வழித்துப் போட்டாள். முதலாளியின் பெரிய வீட்டுச் சமையலறைக்கு எடுத்துப் போனாள்.

ராஸ் நேரம் தப்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆறிப்போன ஆட்டிறைச்சி, தக்காளி சாஸ். எதிரே ஜாரெட் போனை நோண்டிக்கொண்டிருந்தான். நோரீன் மூடியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன எழவு இது!” ராஸ் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான்.

“உன் மருமகன் செயின்ல இருந்துச்சு.”

ஜாரெட் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். “அது... முயல். வழியில ஒரு முயல் அடிபட்டுச்சு மாமா.”

“முயலுக்குக் கம்பளியா மொளச்சிருக்கு?” என்றாள் நோரீன்.

“சும்மா வெரட்டினேன், அவ்வளவுதான். வண்டி சறுக்கிடுச்சு. நான் வேணும்னு...”

“வாய மூடு” என்றான் ராஸ்.

ஒரு ஈ மூடியிலிருந்து எழுந்து ராஸின் தட்டில் போய் உட்கார்ந்தது. அவன் அதை விரட்டவில்லை.

“சரி. நாய அவுத்து விடு. இதக் கொண்டுபோய்ப் பொதச்சிட்டு, செயினக் கழுவி மாட்டு. காட்டு நாய் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம். சின்னப் பையன். எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

நோரீன் மூடியை அவன் பக்கம் தள்ளினாள்.

“நீ போய்ப் பாத்தியே ராஸ். ஆடுகள்ல நாய்க்கடி இருந்துச்சா?”

ராஸ் முட்கரண்டியால் சாஸைக் கிளறினான். நாற்பது வருஷமாகச் செத்த ஆடுகளைப் புரட்டிப் பார்த்தவன். நாய்க்கடி எது, காக்கை கொத்தியது எது, கம்பி கிழித்தது எது என்று நடந்துகொண்டே சொல்லக்கூடியவன்.

“பாத்தியே” என்றாள் மறுபடியும்.

“விடு நோரீன்.”

மூடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வழியெல்லாம் வாயில் புளிப்பு. அவனை நினைத்தால் குமட்டியது. பார்த்து, தெரிந்து, அவள் நாயை அவள் கையாலேயே சுடச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன். ஆனால் அந்தக் குமட்டல் அவனோடு நிற்கவில்லை. அவனாவது போய்ப் பார்த்தான். அவள் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும். மூக்கில் இருந்த ரத்தமே போதும் என்று இருந்துவிட்டாள். இந்தப் பையன் மட்டும் ஊர் வழக்கத்தைக் கேட்டுச் செயினைக் காயவிட்டு ஓட்டியிருந்தால், இந்நேரம் அவள் குழி வெட்டிக்கொண்டிருப்பாள்.

செயினின் கிளிப்பைக் கழற்றி உருவினாள். வெட்டிய பீப்பாயில் மண்ணெண்ணெய் தயாராக இருந்தது. அதில் போடவில்லை. கம்பளியும் தோலும் தொங்க, கொட்டகை வாசலில் தலைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள். காலையில் வண்டி எடுக்க வருகிற எல்லோரும் அதன் கீழேதான் நுழைய வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ராஸ் வந்தான். பின்னால் பத்தடி தள்ளி ஜாரெட்.

“கழுவச் சொன்னேனே.”

“கழுவ மாட்டேன். என்னை வேலைய விட்டு நிறுத்தணும்னா நிறுத்திக்கோ. வேணும்ங்கிறவங்க எடுத்துக் கழுவிக்கட்டும். பிரஷ் அந்தா இருக்கு.”

ராஸ் ஜாரெட்டைப் பார்த்தான். ஜாரெட் செயினைப் பார்த்தான். அதன் நுனியிலிருந்து ஒரு புழு நழுவித் தரையில் விழுந்தது. பையன் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் போய்விட்டான். ராஸ் கையைத் தூக்கினான். ஆணிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது. தொடாமல் எடுக்க முடியாது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான், ஒன்றும் படாத கையை. திரும்பி நடந்தான்.

நோரீன் சோப்புத் தூள் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். நாற்றம் போகவில்லை. வெயில் தொட்டியின் மேல் விளிம்புக்குப் போய்விட்டிருந்தது. டெஸ்ஸின் சங்கிலியை அவிழ்க்கக் குனிந்தாள். அது ஒரு மனக்குறையும் இல்லாமல் அவள் மேல் தாவியது. பிறகு அவள் விரல்களை மோந்து, நகக்கண்ணில் இருந்த கொழுப்பை ஆசையாக நக்கத் தொடங்கியது. கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.