இரண்டு டியூப் ரத்தம்

புந்தோங்கில் பதினேழு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டிவந்த கெர்ட்ரூட், நான்கு மாதத்தில் பதினொரு கிலோ இளைத்துப்போனார். தூங்கி எழுந்தால் தலையணை வேர்வையில் ஊறிக் கிடக்கும். ஸ்கேன் எடுத்ததில், இதயத்துக்குப் பின்னால் பெரிய ரத்தக் குழாய்களுக்கு நடுவே ஒரு கட்டி தெரிந்தது.

என்ன கட்டி என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. ஊசி செலுத்திச் சதை எடுக்க முயன்றார்கள். முதல் தடவை செத்த சதைதான் வந்தது. இரண்டாம் தடவை மூச்சுத் திணறியதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

“இன்னொரு வழி இருக்கு ஆண்ட்டி. ரத்தத்துல தேடலாம்,” என்றார் டாக்டர் கவிநயா.

“நாலு மாசமா ரத்தம்தானே எடுக்குறீங்க. ஒன்னும் தெரியலன்னு சொன்னீங்களே லா.”

“அப்போ தேடுனது வேற. கட்டியில உள்ள செல்லு செத்து உடையும்போது, அதோட மரபணுத் துண்டு ரத்தத்துல கலந்து மிதக்கும். ரொம்பக் கொஞ்சம்தான். அதைப் படிச்சா எந்த மாதிரிக் கட்டின்னு தெரிய வாய்ப்பிருக்கு.”

இரண்டு டியூப் ரத்தம் கோலாலம்பூரில் உள்ள ஆய்வகத்துக்குப் போனது. “இவ்வளவு போதுமா?” என்று கணவர் ஆம்புரோஸ் இரண்டு முறை கேட்டார்.

பதினைந்தாம் நாள் டாக்டர் கூப்பிட்டார்.

“லிம்போமா, ஆண்ட்டி. நிணநீர்ப் புற்றுநோய். ரத்தத்துல கிடைச்சதும் ஸ்கேனும் ஒத்துப்போகுது. எல்லா டாக்டருங்களும் உக்காந்து பேசிட்டோம். மருந்து இருக்கு, அதுக்கு நல்லாவே கேக்கும்.”

ஆம்புரோஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கெர்ட்ரூட் அழவில்லை. ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னார். வரி வரியாக ஆங்கில எழுத்துகள். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராலும் தொட முடியாத இடத்தில் பதுங்கியிருந்த ஒன்று, முழங்கை மடிப்பில் எடுத்த ரத்தத்தில் அகப்பட்டுவிட்டதே.

மூன்று முறை கீமோ ஏற்றிய பிறகு மறுபடி ஸ்கேனும் ரத்தமும் எடுத்தார்கள். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. ரத்தத்தில் அந்தத் துண்டுகள் தட்டுப்படவே இல்லை.

“அப்போ போயிருச்சா டாக்டர்?”

“இன்னும் மூணு தடவை இருக்கு. முடிச்சுட்டுத்தான் சொல்லுவேன். ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு.”

லிஃப்ட் வாசலில் கெர்ட்ரூட் தன் மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்தபடி நின்றார்.

“ஆண்டவர் என்னைய இவ்வளவு நுணுக்கமாவா செஞ்சு வச்சிருக்காரு?” என்றார் மெதுவாக.

ஆம்புரோஸ் அந்த மணிக்கட்டில் தன் விரலையும் வைத்துப் பார்த்தார். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, அவர்கள் இல்லாமலே கீழே போனது.