நான்காம் எண்

அன்று காலை கூட்டுறவுச் சங்கத்தின் மாடியறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: சங்கத் தலைவர் ஆம்ப்ரோஸ் பைக், போன வருஷம் நண்டுக்கூண்டுக் கயிற்றில் மூன்று விரல்களை இழந்த கிளாரென்ஸ் ஹைன்ஸ், ‘மிரியம்’ படகை ஓட்டும் ஸ்கிப்பர் ஹெட்லி பட்ஜெல், அவருடைய மனைவியின் தம்பியும் அந்தப் படகின் ஒரே வேலையாளுமான கார்லண்ட், கரை ரேடியோவை நடத்திவந்த ஹெட்லியின் மகள் வெர்னா. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

வெர்னா உட்காராமலே பேசினாள். “கிளாரென்ஸ் அண்ணன் விரல் போன அன்னிக்கு ஒன்பது நிமிஷம் என்னைக் கூப்பிட்டாரு. எனக்குக் கேக்கல. ஏன்? நான் சொன்ன ஒவ்வொண்ணுக்கும் மத்த பத்துப் படகும் ஒண்ணு மாத்தி ஒண்ணு ‘வந்தது, வந்தது’ன்னு சொல்லிட்டிருந்தீங்க.”

கிளாரென்ஸ் தன் கையைப் பார்த்தான்.

குன்றின் மேலிருந்த ரேடியோக் கம்பத்துக்குக் குரல் பெரிது. அது பேசினால் எல்லாப் படகுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரும். படகுகள் திரும்பிப் பேசுவதற்கு இருந்ததோ ஒரே ஒரு தடம். ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அந்த ஒற்றையடிப் பாதையை வெறும் ‘வந்தது’களால் அடைக்கக்கூடாது என்பதுதான் வெர்னாவின் பேச்சு. இனி ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். கேட்டவர் வாய் திறக்க வேண்டாம். நடுவில் எண் விட்டுப்போனவர் மட்டும் அந்த எண்ணைச் சொன்னால் போதும். கரை அதை எல்லோருக்குமாகத் திரும்பப் படிக்கும்.

“உன் சித்தப்பா படகோட முழுகினதும் இப்படித்தான், சத்தமே இல்லாம,” என்றார் ஹெட்லி. “பேசாத படகு கேட்ட படகா, முழுகின படகா? எப்படித் தெரியும் உனக்கு?”

“மத்தியானம் ஒரே ஒரு தடவை எல்லாரும் கடைசியா வந்த எண்ணைச் சொல்லணும்பா. சொல்லாத படகைத் தேடி ஆள் போகும்.”

ஆனால் ஹெட்லியின் உண்மையான சங்கடம் அது அல்ல. பட்ஜெல் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் ரேடியோவில் ‘திரும்பச் சொல்லு’ என்று கேட்டதில்லை. இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. எல்லோருக்கும் தெரியாத சங்கதி, இரைச்சலில் ஒன்றும் பிடிபடாத நாட்களிலும் ஹெட்லி முதல் ஆளாக ‘வந்தது’ என்று சொல்லியிருக்கிறார் என்பது.

கார்லண்ட் சிரித்தான். “மச்சான் சாப்பாட்டு மேசையிலகூட ‘என்ன’ன்னு கேக்க மாட்டாரு. அக்கா உப்புக் கேட்டா சீனியைத் தள்ளுவாரு. ஆனா தள்ளுறது டக்குனு தள்ளிடுவாரு.”

“நீ வாயை மூடு.”

ஆம்ப்ரோஸ் மேசையைத் தட்டினார். “ஒரு வாரம் பாப்போம். சரியா வரலேன்னா பழையபடியே. ரேடியோவுக்கும் வேற ஆளு.” கடைசி வாக்கியத்தை அவர் வெர்னாவைப் பார்க்காமல் சொன்னார்.

நான்காம் நாள் மூடுபனி இறங்கியது. ‘மிரியம்’ கூண்டுகளை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. கார்லண்ட் டின்பாலில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தான். கரையிலிருந்து மகளின் குரல் ஒவ்வொரு எண்ணாக வந்தது. ஒன்று, காற்று. இரண்டு, அலை. மூன்று, மீன் இறங்குதுறையில் ஐஸ் வண்டி தாமதம். அதற்குள் படகு கல் தீவின் செங்குத்துப் பாறைக்கு அடியில் வந்துவிட்டது. ரேடியோ வெறுமனே இரைந்தது. பாறையைத் தாண்டியதும் குரல் மறுபடி தெளிந்தது. “ஐந்து. நாளைக்குக் காலை கூட்டம்.”

கார்லண்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். “நாலு எங்க மச்சான்?”

ஹெட்லி சுக்கானைப் பிடித்தபடி நேராகப் பார்த்தார். எதிரே பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளைதான். ரேடார் திரையில் அவர்களுக்கு முன்னால் மூன்று புள்ளிகள். மூன்றும் அவர்களைப் போலவே பாறையடியிலிருந்து வெளிவந்தவை. மூன்றும் துறைமுகத்துக்குப் போகும் மேற்கு இடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படியென்றால் அவர்களுக்கு நான்கு கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் நான்கில் பயப்பட ஒன்றுமில்லை. இப்படி நினைத்து அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். அடுத்த கணமே, அந்த மூவரும் தன்னைப் பற்றி இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றியது.

பழைய நாளாக இருந்தால் இந்நேரம் ‘வந்தது’ என்று சொல்லி முடித்திருப்பார். இப்போது பொய் சொல்லவும் வழியில்லை. பேசாமல் இருப்பதே பொய்யாகிவிட்டது. ஒலிவாங்கியை எடுத்தால் கடலிலுள்ள மற்றப் பத்துப் படகுகளும் கேட்கும். ஊரில் ஒவ்வொரு அடுக்களையிலும் ஓடுகிற ரேடியோவும் கேட்கும். அப்பாவின் படகில், அப்பா நின்ற இடத்தில் நின்று, ஒரு பட்ஜெல் கேட்பதை ஊரே கேட்கும்.

தடம் வெறுமையாக இருந்தது. அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அப்படி இருந்ததில்லை. அவருடைய மகள் அந்த அமைதியை எல்லோருக்குமாகத் துடைத்து வைத்துக்கொண்டு, குன்றின் மேல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“மச்சான்,” என்றான் கார்லண்ட். இந்த முறை கிண்டல் இல்லை.

ஹெட்லி முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, பொத்தானை அழுத்தினார். “மிரியம். நான்கு.”

அவ்வளவுதான். ஒரு மூச்சுக்குக்கூட நீளவில்லை. வெர்னாவின் குரலும் மாறவில்லை. ஒரு மகளின் குரலாக அல்ல, கரையின் குரலாகவே வந்தது. “எல்லாப் படகுக்கும். நான்கு. மேற்கு இடுக்கில் பனிப்பாறை உடைந்து கிடக்கிறது. துண்டுகள் தாழ்வாக மிதக்கின்றன, ரேடாரில் தெரியாது. கிழக்கு வழியாக வரவும்.”

ஹெட்லி சுக்கானைத் திருப்பினார். தேநீர்க் கோப்பை சரிந்து கார்லண்டின் காலில் கொட்டியது. அவன் திட்டக்கூட இல்லை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுக்குக்கு மிக அருகில் போயிருந்த புள்ளி முதலில் நின்றது. பிறகு மெல்ல வளைந்தது. அதற்கடுத்து இரண்டாவது. சற்றுப் பொறுத்து மூன்றாவதும். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தடம் திறந்தே கிடந்தது. நான்கு படகுகளும் வெள்ளைக்குள் ஒன்றையொன்று பார்க்காமல், ஒரே கோட்டில் கிழக்கே நகர்ந்தன.

அன்று பனியில் ஹெட்லி பட்ஜெல் வழி தவறி, மகளிடம் அழுது உதவி கேட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. அவர் வழி தவறவில்லை, அழவும் இல்லை. அவர் கேட்டது நான்காம் எண்ணை மட்டும்.