ஒரே கணினியில் எட்டும் பதினேழும்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பால் பிறந்தது. மாம்புரிப் பள்ளிவாசல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் சிபானா, ஒரு கணினியில் இரண்டு ஜாவாவை வைத்ததற்காகத் பள்ளித் தலைவர் தன்னை விசாரித்ததைச் சொன்னபோது, "இது கதைக்கு ஆகாது புள்ள" என்றேன். "எங்க, எழுதித்தான் பாருங்களேன்" என்றாள். மாட்டிக்கொண்டேன்.

(ஜாவா என்பது நிரல் எழுதவும் ஓட்டவும் வேண்டிய கருவித்தொகுதி. பழைய பதிப்பான எட்டும் உண்டு, புதிய பதிப்பான பதினேழும் உண்டு. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.)

2

உப்புக்காற்று வீசும் மாம்புரிக் கரையில் தென்னோலைகள் சலசலக்க...

சீச்சீ. கணினியை விட்டுவிட்டுக் காற்று வாங்கப் போய்விட்டேன்.

மறுபடி: பள்ளிவாசலில் நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் தொழுகை அழைப்பான பாங்கு போடும் நிரலுக்கு எட்டு வேண்டும். கொழும்புக் கம்பனிக்குக் காட்டி வேலை கேட்க சிபானா எழுதிய நிரலுக்குப் பதினேழு வேண்டும். இரண்டையும் சண்டையில்லாமல் வைத்திருந்தாள். அந்த வேலை கிடைக்காவிட்டால், பள்ளிக்குச் சந்தா எழுதியே கிழவியாகிவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தாள்.

3

பள்ளித் தலைவர் ஜபார் ஹாஜியார் (இவரை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று இரண்டு முறை வெட்டினேன், திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறார்) கேட்டார்:

"எட்டு இரிக்க, பதினேழு என்னத்துக்கு? புதுசாச் சேக்கிறதெல்லாம் பித்அத்."*

"ரெண்டும் இரிக்கலாம், ஹாஜியார். எங்கட வாப்பாக்கு விட்டுட்டு வந்த மன்னாரும் ஊர், இதுவும் ஊர். ஒண்டை அழிச்சிட்டா இரிக்கார்?"

"அது வேற கதை."

பிஸ்மி சொல்லிப் பதினேழை அழித்தார்.

* மார்க்கத்தில் இல்லாததைப் புதிதாகச் சேர்ப்பது. கணினிக்கும் அது உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

4

கம்பனியின் நேர்முகம், ரமழானின் முதல் நாளான தலைநோன்பு மாலையில், அதே கணினி வழியாக. சிபானா அவசரமாகப் பதினேழைத் திரும்ப ஏற்றினாள். பதற்றத்தில் ஒன்றை மறந்தாள்: புதிதாக வந்தது முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும், பாங்கு நிரலோ முன்னால் இருப்பதைத்தான் கூப்பிடும்.

கம்பனிக்காரர் "ஓட்டிக் காட்டுங்க" என்ற நேரம் பொழுது விழுந்தது. பாங்கு கேட்கவில்லை. பாங்கு கேட்டு நோன்பு திறக்க ஊரே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கஞ்சியைப் பார்த்தபடி இருந்தது. பாங்கு சொல்லும் மோதினார் மீரா முகைதீன், அலுவலகத்து மைக்குக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். சிபானா அவர் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள்:

"மோதினார், பொழுது பட்டுட்டு. நீங்களே பாங்கு சொல்லுங்களேன்!"

"கம்பியூட்டர் இன்னம் சொல்லல்லையே புள்ள."

5

முதல் முடிவு: சிபானா அழைப்பைத் துண்டித்து எட்டை முன்னுக்கு நகர்த்துகிறாள். பாங்கு ஒலிக்கிறது. கொழும்பு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறது. "பாத்தியா, எட்டுத்தான் சரி" என்கிறார் ஹாஜியார். எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் முடிவு: அவள் அசையவில்லை. நிரலை ஓட்டிக் காட்டுகிறாள். மோதினார் ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறார், தொண்டையைச் செருமுகிறார், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தன் சொந்தக் குரலில்...

[இங்கே நிறுத்திவிட்டு, உண்மையில் எது நடந்தது என்று சிபானாவிடமே கேட்டேன். "உங்களுக்கு எது வேணுமோ அதை முன்னுக்கு வைங்க" என்றாள். சிரிக்கவில்லை.]

எனக்குத் துணிவில்லை. எதை முன்னால் வைப்பது என்பது இனி உங்கள் பாடு. ஹாஜியாரைப் போல மற்ற முடிவை அழித்துவிட மட்டும் வேண்டாம். அதற்குள்ளும் ஒரு சிபானா இருக்கிறாள். அவள் இன்னும் நோன்பு திறக்கவில்லை.