கறுப்புத் துணியும் செஃபாகோவும்

என் கணவர் மொஹாவ் இறந்த மறுநாள், அவர் வீட்டார் என் தோளில் கறுப்புத் துணியைப் போர்த்தி முடிச்சுப் போட்டார்கள். மக்காச்சோள அறுவடை முடியும்வரை அதைக் கழற்றக் கூடாது. யாருக்கும் கை கொடுக்கக் கூடாது, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், சத்தமாகச் சிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மொஹாவ் மேல் எனக்கிருந்த பிரியத்துக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை. கடைசியாக அவருடைய அண்ணன் மொகெத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கால்நடைப் பக்கமும் போகக் கூடாது மாலினேயோ. அந்தக் குதிரைப் பண்ணைக்கு முழுக்குப் போட்டுடு" என்றார். அங்கேதான் என் தலை ஆடுவதை நிறுத்தியது.

மலைப்பாதையில் கால் ஒடிந்தவை, கிழடு தட்டியவை, இனி உதவாது என்று விரட்டப்பட்டவை எல்லாம் வந்து சேருகிற பண்ணை அது. இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் லத்தி அள்ளுகிறேன், தவிடு கலக்குகிறேன். சம்பளம் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் எங்கள் ஊரில் இல்லை. சிரிக்கட்டும். வாரம் முழுக்கத் தையல் ஆலையில் யார் யாரோ போடப்போகிற காற்சட்டைக்கு ஜிப் வைக்கிறேன். நானாக ஆசைப்பட்டுச் செய்கிற வேலை இந்தப் பண்ணை வேலை ஒன்றுதான். மொஹாவ் படுக்கையில் விழுந்ததும் அவருடைய சாம்பல் நிறக் குதிரை செஃபாகோவையும் அங்கேதான் விட்டோம். சனிக்கிழமையையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கென்று என்ன மிச்சம்?

அந்த வாரமே போனேன். பண்ணை மேஸ்திரி ஃபாமோட்சே வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதில் பெரிய ஆண்கள் எல்லோரையும் போல அவரையும் 'ந்தாத்தே', ஐயா, என்றுதான் கூப்பிடுவேன்.

"துக்கத் துணியோட உள்ள வராதம்மா. சினைக் குதிரைக்குக் கரு கலைஞ்சிடும்."

"உள்ள இருக்கிறதெல்லாம் காயடிச்ச ஆம்பளைங்க ந்தாத்தே. பொட்டைன்னு இருக்கிறது பல்லு போன கிழவி ஒண்ணு. யாருக்குக் கரு கலையும், உங்களுக்கா?"

"அடியே! துக்கத்துல இருக்கிறவ பேசுற பேச்சா இது?"

"சிரிக்கத்தான் கூடாதுன்னாங்க. பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

அவர் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "யாராவது கேட்டா, நான் தடுத்தேன்னு சொல்லிடு" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

மதியத்துக்குள் விஷயம் வீட்டாருக்கு எட்டிவிட்டது. செஃபாகோவின் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பளியும் புல் தொப்பியுமாக மொகெத்தி லாயத்து வாசலில் வந்து நின்றார்.

"வெளிய வா. ஊரு என்ன பேசுது தெரியுமா?"

"ஊரு பேசாத நாளு ஒண்ணு சொல்லுங்க ந்தாத்தே."

"என் தம்பியைப் புதைச்ச மண்ணுகூடக் காயலை. நீ இங்க குதிரையைக் கொஞ்சிக்கிட்டு நிக்கிற."

அது சுருக்கென்று தைத்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. "மண்ணு காயலைன்னு எனக்குத் தெரியும். தினமும் காலையில போய்ப் பார்த்துட்டுத்தான் ஆலைக்குப் போறேன். நீங்க எத்தனை தடவை போனீங்க?"

"கறுப்பைக் கண்டா குதிரை மிரளும். உன்னைப் போட்டு மிதிச்சா யாரு பொறுப்பு?" என்று அவர் பேச்சை மாற்றினார்.

செஃபாகோ மிரளவில்லை. துக்கத் துணியில் பை கிடையாது என்பதால் அவனுக்குக் கொண்டுவந்த உப்பை அதன் முனையில் முடிந்து வைத்திருந்தேன். மூக்கு கண்டுபிடித்துவிட்டது. முனையைக் கவ்வி ஒரே இழுப்பு. தோள் முடிச்சு அவிழ்ந்து துணி மொத்தமும் அவன் வாய்க்குப் போனது. நின்று நிதானமாக மென்றான்.

மொகெத்தியின் முகம் வெளிறியது. "ஐயோ! அதை எங்க வீட்டு ஆளுதான் எடுக்கணும்! சடங்கு செஞ்சு எடுக்கணும்!"

"இவன் யாரு வீட்டு ஆளு? உங்க தம்பியை முதுகுல சுமந்தவன். உங்களையும் குடிச்சுட்டு விழுந்த இடத்திலேருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன். கையால எடுக்காம வாயால எடுத்தான், அவ்வளவுதானே?"

வெளியே ஃபாமோட்சே விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

வீட்டார் கூடினார்கள். நடந்தது பெரிய அபசகுனம், துக்கத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அடுத்த உழவுவரை கறுப்புதான் என்று தீர்மானம். மாமியார் தன் கையாலேயே புதுத் துணியைக் கட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். உண்மையில் நான் அழுதுகொண்டிருந்தேன். இந்தக் கதையைக் கேட்டால் மொஹாவ் இருமல் வரும்வரை சிரித்திருப்பார். சொல்வதற்கு அவர் இல்லை.

சனிக்கிழமை வந்தது. ஃபாமோட்சே கதவருகே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசா? துக்கம் மறுபடியும் முதல்லேர்ந்தாமே?"

"ஆமா ந்தாத்தே. கழட்டாமலே ராத்திரி முழுக்க முனையை உப்புத் தண்ணியில ஊறவச்சுக் காயவிட்டு வந்திருக்கேன். வழி விடுங்க, அவன் பசியோட இருப்பான்."