முழங்கையில் விழுந்த உதை

தேபெக் மலைநகரத்து விளையாட்டரங்கில் அந்த வருஷம்தான் முதன்முதலாகப் போட்டியாளர்களின் மார்புக் கவசத்துக்குள் சென்சார் வைத்திருந்தார்கள். உதை விழுந்தால் பலகையில் புள்ளி தானாக ஏறும். தலையில் படும் உதைக்கு மட்டும் மூலைக்கொரு நடுவர் பொத்தானோடு உட்கார்ந்திருப்பார். இருபது வருஷமாக டேக்வாண்டோ நடுவராக இருந்த ஓக் மியோங்ரானுக்கு இதன் அர்த்தம் புரியாமல் இல்லை. ஆட்டம் ஒலிம்பிக் வரைக்கும் போய்விட்டது. இனி அவளைப் போன்றவர்களின் பொத்தான் அழுத்தும் கட்டைவிரலை நம்ப யாரும் தயாராக இல்லை. பதிலுக்கு அவளும் மெஷினை நம்பவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் பியோ கிஹுனை இன்னும் நம்பவில்லை.

அதற்குத் தோதாகக் காலையிலேயே ஒன்று கண்ணில் பட்டது. நடைபாதைக் காபி மெஷின் பக்கத்தில் கிஹுன், பாங் ஜோங்சுக் என்ற பெண் பயிற்சியாளரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மத்தியானம் அரையிறுதியில் ஜோங்சுக்கின் மாணவி நீலக் கவசத்தோடு இறங்கினாள். எதிரே நின்ற சிவப்புக் கவசக்காரியின் உதை படீரென்று விழுந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. பலகை அசையவில்லை. நீலக்காரி தூசி தட்டுவதுபோல் காலை வைத்தாள். புள்ளி ஏறியது. மூன்று முறை இப்படியே நடந்து, நீலம் ஜெயித்தது.

மியோங்ரான் நேரே கிஹுனின் மேஜைக்குப் போனாள்.

"அந்த நீலக் கவசத்தை உள்ள வைக்காத. நான் பாக்கணும்."

"ஏன் மேடம், என்ன ஆச்சு?"

"காலையில காபி யாரு வாங்கிக் குடுத்தா?"

அவன் முகம் சிவந்தது. "அவங்ககிட்ட சில்லறை இல்ல, நான்தான் போட்டேன். ஒரு காபிக்காகப் புள்ளிய மாத்துவேனா?"

"போட்டுக்க. நான் உதைக்கிறேன்."

கிஹுன் கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றான். அவள் சென்சார் காலுறையை இழுத்துவிட்டு, விலாவில் ஒன்று வைத்தாள். புள்ளி உடனே ஏறியது. இன்னொன்று வைத்தாள். அதுவும் ஏறியது.

"போதும் மேடம், எனக்கு வீட்டுல பொண்டாட்டி இருக்கா," என்று விலாவைப் பிடித்துக்கொண்டான். "சந்தேகமா இருந்தா வீடியோவப் பாருங்க."

படத்தை மெதுவாக ஓட்டினான். சிவப்புக்காரியின் மூன்று உதையும் நீலக்காரியின் மடக்கிய முழங்கையில்தான் விழுந்திருந்தன. கை போய்க் கவசத்தில் அறைந்த சத்தம்தான் அந்தப் படீர். கையில் பட்ட உதைக்குப் புள்ளி கிடையாது. மெஷினில் குற்றமில்லை.

மார்பு உதைக்கும் பழையபடி பொத்தான் தன் கையில் இருந்திருந்தால் மியோங்ரான் மூன்றுக்கும் அழுத்தியிருப்பாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் தேசிய அணித் தேர்வின் கடைசி ஆட்டத்திலும் அப்படித்தான் அழுத்தினாள். தோற்றவள் இதே ஜோங்சுக். மறுநாள் அவள் முழங்கையில் கட்டோடு பஸ் ஏறியதை மியோங்ரான் பார்த்திருந்தாள். ஏன் அந்தக் கட்டு என்று அன்று யோசிக்கவேயில்லை.

இறுதிப் போட்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஜோங்சுக் படிக்கட்டில் உட்கார்ந்து கிம்பாப் தின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்குத் தேர்வுல அந்தக் கடைசி உதை உங்க கையிலதான் பட்டுது. நான் சத்தத்தக் கேட்டு அழுத்திட்டேன். மன்னிச்சிருங்க."

ஜோங்சுக் மெல்லுவதை நிறுத்தினாள். "உங்கள யார் அனுப்புனா?"

"யாரும் அனுப்பல."

"ஆறு வாரம் கையில கட்டு. எனக்கா தெரியாது? இத்தன வருஷம் வாயத் தொறக்காதவங்க இன்னிக்கு வர்றீங்க. பைனல்ல எதிர்ல நிக்கிறது நீங்க படிச்ச காலேஜ் பொண்ணு. மூலையில உக்காரப்போறது நீங்க. என் பொண்ணு தலையில உதைச்சா அழுத்தாம விட்டுட்டு, அப்புறம் நான்தான் யோக்கியமா ஒத்துக்கிட்டேனேன்னு சொல்லவா?"

"சத்தியமா அப்படி இல்லங்க."

"சத்தியத்த நீங்களே வச்சுக்குங்க."

அரை மணியில் ஜோங்சுக் எழுதிக்கொடுத்த புகார் தலைமை நடுவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் மியோங்ரானைக் கூப்பிட்டு, அவள் கண்ணைப் பார்க்காமலே, "இந்த ஒரு மேட்ச்ச விட்டுருங்கம்மா," என்றார். எதற்கு அவளிடம் போனீர்கள் என்று அவரும் கேட்டார். உள்ளதைச் சொன்னாள். அவர் தலையாட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது.

இறுதிப் போட்டியை மியோங்ரான் பார்வையாளர்களோடு உட்கார்ந்து பார்த்தாள். ஜோங்சுக்கின் மாணவி இரண்டு புள்ளியில் தோற்றாள். முறையான தோல்விதான்.

வெளியே போகும் வழியில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். ஜோங்சுக் கொஞ்சம் குனிந்தாள். வணங்கினாளா, தோளிலிருந்து நழுவிய பையைச் சரிசெய்தாளா என்று மியோங்ரானுக்குத் தெரியவில்லை. மியோங்ரான் இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது எதிரே யாரும் இல்லை.