சேயோன் பிள்ளை சுமந்த வண்டி

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை முற்பகல் பதினொன்றேகாலுக்கு, தேனுஜாவின் வயிற்றிலிருந்த ஏழு மாதப் பிள்ளை, ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு யூரோ விலை போட்டிருந்த ஒரு குழந்தை வண்டிக்குள் இடம் மாறியது. கைபிடியின் உயரம் தனக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான் அவள் அதைப் பிடித்தாள். பிடித்ததும் மேலங்கிக்குள் வயிறு தட்டையானது. வண்டி மெல்ல அமுங்கியது. வெறும் மெத்தையில் ஒரு சிறிய பள்ளம் விழுந்தது. கையை எடுத்தாள், வயிறு திரும்பி வந்தது. இந்த வகை வண்டியில் அப்படி நடப்பதுண்டு, மலிவானவற்றில் அந்த வசதி இல்லை, விலைக்கழிவு மட்டும் கேட்க வேண்டாம் என்றாள் கடைக்காரப் பெண்மணி. தேனுஜாவின் கணவன் சேயோன், ட்ராம் ஓட்டுபவன், தானும் ஒருமுறை பிடித்துப் பார்த்தான். பிள்ளை உதைத்தது அவன் உள்ளங்கையில் வந்து இடித்தது. கடையை விட்டு வந்த பிறகும் அந்தக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

அவர்கள் சும்மா பார்க்கத்தான் போயிருந்தார்கள். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று கர்ப்பத்தின் பதினோராம் கிழமையில், மற்றது பத்தொன்பதாம் கிழமையில். அதனால் அந்த வீட்டில் ஒரு சின்னக் காலுறைகூட வாங்கி வைக்கவில்லை. பீலெஃபெல்ட்டிலிருந்து தேனுஜாவின் தாய் சிவமலர் தினமும் காலையில் அழைத்து, "துடிக்குதோ?" என்று கேட்பாள், "ஓம்" என்றதும் வைத்துவிடுவாள். தேனுஜா வேலை செய்த முதியோர் இல்லத்தில், கழிவறைக்குள் நின்று உதைகளை எண்ணுவாள். மணிக்குப் பத்து வரவேண்டும். ஒன்பது வந்தால் குளிர்ந்த தோடம்பழச் சாறு குடித்துவிட்டு மீண்டும் எண்ணுவாள். கடையில் தான் உணர்ந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தட்டை வயிறு அவளுக்குப் புதிதல்ல. இரண்டு முறையும் அப்படித்தான், அதே மேலங்கியைப் பூட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள்.

இரண்டு கிழமை யோசித்தார்கள். பக்கத்து நகரமான ஹெர்னேயில் ஒருவர் நூற்றெண்பது யூரோவுக்கு விற்ற பழைய வண்டியை இருவரும் பிடித்துப் பார்த்தார்கள். அது உருண்டது, அவ்வளவுதான். தேனுஜா நிம்மதியாக மூச்சு விட்டாள். சேயோன் முகம் விழுந்துவிட்டது.

"அம்மா சொல்லுறா, அந்தப் புது வண்டிக் காசுக்கு ஒரு பழைய கார் வாங்கலாமாம்" என்றாள் தேனுஜா.

"கார் பிள்ளையைச் சுமக்குமே?" என்றவன், பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு தரமும் நீர்தான் தனியச் சுமந்தனீர். நான் பக்கத்திலை வெறுங்கையோடை நிண்டனான்."

"வயிறு தட்டையாப் போறது உங்களுக்கு விளங்காதப்பா. அங்கை போன பிள்ளை திரும்பி வராட்டி?"

சேயோன் தொலைபேசியை எடுத்து மருத்துவிச்சியை அழைத்தான். அடுத்த சனிக்கிழமை மருத்துவிச்சி வியெட்சோரெக் அவர்களோடு கடைக்கு வந்தாள். தேனுஜா கைபிடியைப் பிடிக்க, மருத்துவிச்சி துடிப்புக் கேட்கும் கருவியை மெத்தைப் பள்ளத்தின்மேல் வைத்தாள். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தாறு. கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில், 'இருக்கும் இடம்: வண்டி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மருத்துவக் காப்புறுதி இதற்குப் பணம் தராது, அன்ட்ராக் என்ற விண்ணப்பம் போட்டால் பதில் வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும் என்றாள். தேனுஜா அந்தத் துடிப்புச் சத்தத்தை நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பின்னேரத்திலை ஒரு மணித்தியாலம் நீங்கள் தள்ளுங்கோ" என்றாள் கடைசியில். "நான் பக்கத்திலை வருவன். எடுங்கோ எண்டால் உடனை கையை எடுக்கவேணும்."

"ஓம்" என்று சேயோன் வங்கி அட்டையை நீட்டினான்.

முதல் நாள் தெருமுனைக்குப் போவதற்குள் ஏழு தரம் கையை எடுக்கச் சொன்னாள். ஏப்ரலில் கால்வாய்க்கரை வரை போனார்கள். கிழவிகள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, நல்ல நித்திரை என்றார்கள். சேயோனுக்கு இடுப்பு வலித்தது. மீன் பொரிக்கிற மணம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணித்தியாலம் இரண்டானது. ஒருநாள் தேனுஜா கரையோர வாங்குப் பலகையில் சாய்ந்து பத்து நிமிடம் கண்ணயர்ந்து, வெறும் வயிற்றைத் தடவித் திடுக்கிட்டு எழுந்தாள். அவன் அவளுக்கு முன்னால், கைபிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, உதடு அசைய எதையோ எண்ணியபடி நின்றான். சிவமலரின் காலை அழைப்பையும் இப்போது அவனே எடுத்தான்.

மே மாதக் கடைசி வியாழன், கால்வாய்ப் பாலத்தில், நோவு முதலில் சேயோனின் மணிக்கட்டுகளில் வந்தது. பிறகு வண்டியின் அடியிலிருந்து வெதுவெதுப்பான நீர் சொட்டியது.

"கையை எடுங்கோ" என்றாள் தேனுஜா.

அவன் முகம் வெளிறிவிட்டது. "எடுக்க ஏலாமல் கிடக்கு. எடுத்து, உம்மட்டை வராட்டி?"

"வரும்."

அதை அவள் எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பத்தாவது விரல் விட்டதும் வயிறு முழு நோவோடும் திரும்பி வந்து அவளைப் பாலத்துக் கம்பியில் சாய்த்தது. ஒன்பது மணித்தியாலம் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ இருநூற்றுப் பத்து கிராம். சத்தமாக அழுதது. சேயோன் அதைவிடச் சத்தமாக அழுதான்.

அந்த விலைக்கு வண்டி தகுமா என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை. எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். பீலெஃபெல்ட்டில் தேனுஜாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஐங்கரன், தன் மனைவியின் பிள்ளையைச் சுமக்க ஆறு கிழமை கொண்டுபோய் வைத்திருந்து, முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு திருப்பித் தந்தான். டுசல்டோர்ஃபில் இரண்டு கணவன்மார் முறை வைத்துத் தள்ளுகிறார்கள். வண்டி அடுத்த ஜூன் வரை பதிவாகிவிட்டதால், தேனுஜா தன் பிள்ளையை ஒரு துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போய்வருகிறாள்.